அணுக்கருத் தீயின் ஒளி

மலையுச்சியிற் புகை எழக் கண்ட ஒருவன் ஆங்கே நெருப்பு உண்டெனத் துணிகின்றான். நெருப்பை அவன் கண்டிலன். அதன் வெம்மையை உணர்ந்திலன். எனினும் அவன் துணிவு பிழைபட்டதன்று. அடுக்களையில் நெருப்பும் புகையும் ஒருங்கிருத்தலைப் பன்முறை கண்டவன் அவன். நீர்நிலையிற் புகை எழுதலை ஒருகாலுங் கண்டிலன். ஆதலின் ஈண்டும் அவ்வாறே எனக் கருதுகின்றான். காட்சியிலிருந்து கருதலுக்குச் செல்லும் இவ்வழியைத் தருக்க நூலோர் செவ்வனே வகுத்துள்ளனர். தமிழில் அதனை விரித்துரைக்கும் பழைய இடங்களுள் ஒன்று மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை. அங்கே அறவண அடிகள், நல்ல ஏது இது, ஏதுப்போலி இது எனப் பகுத்துக் காட்டுகின்றார். அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்பன போலியின் மூவகை. இவை மேலும் பலவாக விரியும்.

“இப்பெயர்களை மனனஞ் செய்வதால் யாது பயன்?” என்பது உயர்வகுப்பு மாணவர், சிறப்பாக விஞ்ஞானம் பயில்வோர், பலகாலும் எழுப்பும் வினா. தமிழாசிரியர் அவ்வினாவுக்குத் தமிழிலக்கியத்தினின்றே விடை கூறின் அவர்கள் மனம் அமைதியுறாது. ஆகவே அவர்கள் பயிலும் பௌதிகத்தினின்றே, அதுவும் இந்நூற்றாண்டிற் பேரறிஞர் பலர் கூடியும் இன்னும் முடிவு காணாத ஒரு வழக்கினின்றே, விடையை எடுத்துக் காட்ட முயல்கின்றேன். காந்தப்புலத்தினுள்ளே கொதிக்கும் ஒருவகைப் பிளாசுமா உமிழும் ஒளியைப் பற்றியது அவ்வழக்கு.

நெருப்பின் இயல்பு

திண்மத்தை வெப்பமேற்றின் திரவமாகும். திரவத்தை வெப்பமேற்றின் வாயுவாகும். வாயுவையும் மேன்மேல் வெப்பமேற்றினால் அணுக்களினின்று இலத்திரன்கள் கழன்று, ஏற்றமுடைய துணிக்கைகளின் கலவை தோன்றும். இக்கலவையே பிளாசுமா எனப்படுவது. மின்னற் கீற்றும் ஞாயிறும் விண்மீன்களும் பிளாசுமாவே. இவற்றில் அணுக்கள் குலைந்திருப்பினும் அணுக்கருக்கள் குலைவதில்லை. கருவினுள் உறையும் புரோத்தன்களும் நியூத்திரன்களும் தம் வடிவு மாறாதிருக்கும்.

வெப்பநிலை ஏறத்தாழ 2 இலட்சம் கோடி பாகையை எட்டுமாயின் அவையும் உருகிவிடும். ஒவ்வொரு புரோத்தனும் குவார்க்குகள் என்னும் நுண்துணிக்கைகளாலும், அவற்றைப் பிணிக்கும் குளுவோன்களாலும் ஆயது. வழக்கமான நிலையிற் குவார்க்கைத் தனித்துப் பிரித்தல் இயலாது. மேற்கூறிய வெம்மையிலோ புரோத்தனென்றும் நியூத்திரனென்றும் இருந்த வேலிகள் அழிந்து, குவார்க்குகளும் குளுவோன்களும் ஒரே வெள்ளமாய்க் கலந்துவிடும். இதுவே குவார்க்குக் குளுவோன் பிளாசுமா. பிரபஞ்சம் தோன்றிய முதற் சில மைக்கிரோசெக்கன்களில் எங்கும் நிறைந்திருந்தது இதுவேயென்பர்.

இதனை மீண்டும் ஆக்கிப் பார்த்தற்கென அமெரிக்காவில், நியூ யோர்க்கு மாநிலத்துப் புரூக்கேவன் தேசிய ஆய்வுகூடத்தில், 3.8 கிலோமீற்றர்ச் சுற்றளவுடைய மோதுகருவி ஒன்று அமைக்கப்பட்டது. ரிக் எனச் சுருக்கமாக வழங்கும் அக்கருவியில் 2000ஆம் ஆண்டிலே பொற்கருக்கள் எதிரெதிரே செலுத்தி மோதவிடப்பட்டன. 79 புரோத்தன்களும் 118 நியூத்திரன்களும் கொண்ட அக்கருக்கள் ஒளிக்கதியின் 99.99 வீதத்துக்கும் மேற்பட்ட கதியில் ஓடி மோதின. ஐரோப்பாவில் ஜெனீவா நகரின் அருகே, சேர்ண் நிறுவனத்தின் 27 கிலோமீற்றர்ச் சுற்றளவுடைய பெருமோதுகருவியில், 2010ஆம் ஆண்டு முதல் ஈயக் கருக்கள் இவ்வாறு மோதவிடப்பட்டன.

மோதலில் எழும் தீப்பிழம்பின் அகலம், ஒரு மீற்றரைக் கோடியாற் பகுத்து, வந்ததை மீண்டும் கோடியாற் பகுத்தால் எஞ்சும் அளவினது. அதன் வாழ்நாளோ, ஒரு செக்கனை மும்முறை கோடியாற் பகுத்து, வந்ததையும் நூறாகப் பகுத்தால் வரும் கூறுகளுட் சிலவே. அதன்பின் அது குளிர்ந்து, ஆயிரக்கணக்கான துணிக்கைகளாய்ச் சிதறிவிடும்.

இப்பிளாசுமா வாயுவைப் போல் ஒழுகும் என்றே முதலில் எதிர்பார்த்தனர். அத்துணை வெம்மையிற் குவார்க்குகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாது தனித்தனியே பறக்கும் எனக் கருதினர். 2005ஆம் ஆண்டில் ரிக் ஆய்வுக் குழுவினர் வெளியிட்ட முடிபு வேறாயிற்று. அது வாயுவன்று, திரவமே. அதன் துணிக்கைகள் தம்முள் வலிய இடைத்தாக்கமுற்று, ஒன்றன் அசைவை மற்றொன்று உடனே உணரும் வண்ணம் ஒழுகின. தன் எந்திரப்பியோடு ஒப்பிடுங்கால் மிகக்குறைந்த பிசுக்குமையுடைய திரவங்களுள் அது முன்வரிசையில் நிற்பது. இவ்வியல்பை நினைவில் இருத்துக. நமது வழக்கில் இது பெரிதும் வேண்டப்படும்.

ஒளியென்னும் சான்று

கொல்லன் உலையிலிட்ட இரும்பு முதலிற் செந்நிறமும், பின்னர் மஞ்சளும், முடிவில் வெண்மையும் கொள்ளும். அனுபவமுடைய கொல்லன் வெப்பமானியை நாடான். நிறத்தை நோக்கியே பதம் அறிவான். வெம்மைக்கும் நிறத்துக்கும் உள்ள இத்தொடர்பை 1900ஆம் ஆண்டிலே மாக்ஸ் பிளாங்கு சமன்பாடாக வகுத்தார். ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை வெம்மையதென நாம் அறிவதும் அதன் ஒளியினாலேயே.

ஆயினும் ஞாயிற்றொளிக்கும் நமது தீப்பிழம்பின் ஒளிக்கும் முக்கியமான வேறுபாடொன்றுண்டு. ஞாயிற்றின் நடுவிற் பிறக்கும் ஒளி அங்குள்ள இலத்திரன்களோடு ஓயாது மோதித் திசைமாறி, பல்லாயிரம் ஆண்டுகள் அலைந்தே மேற்பரப்பை அடையும். அதற்குள் அது தன் பிறப்பிடத்துச் செய்தியை முற்றும் இழந்துவிடும். நமக்கு வந்தெட்டும் ஞாயிற்றொளி மேற்பரப்பின் செய்தியே, நடுவின் செய்தியன்று.

அணுக்கருத் தீயிலோ நிலைமை மாறானது. குவார்க்குகளைப் பிணிக்கும் வலிய விசைக்கு ஒளி உட்படுவதில்லை. ஒளியின் கூறாகிய ஒளியன் அத்தீயினுள்ளே எங்குப் பிறப்பினும், எக்கணத்திற் பிறப்பினும், தடையின்றி வெளியேறிவிடும். அத்தீ அவ்வளவு சிறியது. ஏனைய துணிக்கைகள் யாவும் இறுதிவரை உள்ளே சிக்குண்டு, தீ அவியும் வேளையிலேயே வெளிப்படுவன. அவை ஈமத்தில் எஞ்சிய சாம்பரைப் போன்றவை. ஒளியனோ எரியும்போதே புறப்பட்டு வந்த தூதுவன். ஆதலின் தீயின் தொடக்கநிலையை அறிதற்கு ஒளியிற் சிறந்த சான்று அரிது.

இவ்வொளி கண்ணுக்குப் புலனாகும் ஒளியன்று. இதன் ஒளியன் ஒன்றின் சக்தி, கட்புல ஒளியின் ஒளியனது சக்தியினும் ஏறத்தாழ நூறு கோடி மடங்கு பெரிது. எனினும் கொல்லனின் நெறியே இங்கும் ஏற்கும்: உயர்சக்தி ஒளியன்கள் மிகுந்து வருமாயின் தீ வெம்மை மிக்கது, குறைந்து வருமாயின் வெம்மை குறைந்தது.

முதலாம் ஐயம்: அசித்தம்

எழுவது புகைதானா, அன்றி நீராவியோ பனியோ என ஐயுறும் நிலையிலேயே நெருப்புண்டெனத் துணிதல் அசித்தம் என்னும் குற்றத்தின்பாற்படும். ஏதுவே நிறுவப்படாதவிடத்து முடிபு எவ்வாறு நிற்கும்?

இக்குற்றம் ஆய்வாளரை முதலில் எதிர்கொண்டது. மோதலின்போது வெளிப்படும் ஒளியன்களுட் பெரும்பாலான, தீயினுள்ளே பிறந்தவையல்ல. தீ அவிந்தபின் சிதறும் பையோன் என்னும் துணிக்கைகளுள் ஏற்றமற்றவை விரைவிற் சிதைந்து, ஒவ்வொன்றும் இவ்விரண்டு ஒளியன்களைத் தரும். இவையே பனி. இப்பனித்திரளின் நடுவே உண்மைப் புகையைப் பிரித்தறிதல் வேண்டும்.

புரூக்கேவனின் பினிக்ஸ் ஆய்வுக் குழுவினர் கையாண்ட உபாயம் நயமானது. ஒளியன் சிலபோது ஒளியனாகவே வெளிப்படாது, ஓர் இலத்திரனும் ஒரு பொசித்திரனுமாகிய இணையாக வெளிப்படும். பையோனின் சிதைவில் எழும் இணையின் திணிவு பையோனின் திணிவை விஞ்சுதல் இயலாது. பிள்ளைகளின் பங்கு தந்தையின் செல்வத்தை விஞ்சாதவாறு போல. ஆகவே அவ்வெல்லைக்கு மேற்பட்ட திணிவுடைய இணைகளை மாத்திரம் எண்ணினால் பையோன்களின் கூட்டம் வாயிலிலேயே தடுக்கப்பட்டுவிடும். எஞ்சும் சிலவற்றையும் கணித்துக் கழித்தபின், குறித்த சக்தியெல்லையில் வரும் ஒளியன்களுட் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை நேரே தீயினின்று வந்தவை என்பது பெறப்பட்டது.

அவற்றின் சக்திப் பரம்பலினின்று 2010ஆம் ஆண்டில் அக்குழுவினர் அறிவித்த வெப்பநிலை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி பாகை. சேர்ணில் ஈயக் கருக்களை ஆராய்ந்த அலிஸ் குழுவினர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் கோடி பாகை. ஞாயிற்றின் நடுவண் வெப்பநிலை ஒன்றரைக் கோடி பாகையே என்பதை ஒப்புநோக்குக.

இரண்டாம் ஐயம்: அநைகாந்திகம்

ஓர் ஏது ஒரே முடிபைச் சாராது வேறு முடிபுக்கும் இடந்தருமாயின் அஃது அநைகாந்திகம். மேற்கூறிய வெப்பநிலை இக்குற்றத்தினின்று முற்றும் நீங்கியதன்று.

புகையிரதம் ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலியின் மீடிறன் உயர்ந்தும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்கும். ஒளிக்கும் இவ்விதி பொருந்தும். நமது தீப்பிழம்போ ஓரிடத்தே அமைந்து எரிவதன்று. பிறந்த கணமே விரியத் தொடங்கி, பின்னர் ஒளிக்கதியின் பாதியளவான கதியிற் புறநோக்கிப் பாய்வது. அவ்வாறு நம்மை நோக்கிப் பாயும் பிளாசுமா உமிழும் ஒளி, தன் மெய்யான வெம்மைக்கு மேற்பட்ட வெம்மையுடையது போலத் தோன்றும். ஆகவே உயர்சக்தி ஒளியன்கள் மிகுந்து வருதற்கு வெம்மையும் காரணமாகலாம், விரைவும் காரணமாகலாம். ஏது ஒன்று, முடிபு இரண்டு.

இக்குற்றத்தை நீக்குதற்குத் தீயின் விரிவைத் திரவவியல் முறையாற் கணித்து, அதன் பங்கைக் கழிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு கணித்தபோது, அளந்த ஒளியிற் கணிசமான பகுதி, சற்றுக் குளிர்ந்து விரைந்து பாயும் பிற்பகுதியில் எழுந்ததாகலாம் என்பதும், தொடக்க வெப்பநிலை அளந்த சராசரியினும் மேற்பட்டது என்பதும் புலனாயின. இம்மட்டில் வழக்கு இனிது முடிந்தது போலத் தோன்றியது.

மூன்றாம் ஐயம்: விருத்த வியபிசாரி

அநைகாந்திகத்தின் உட்பிரிவுகள் ஆறனுள் இறுதியாக வைத்தெண்ணப்படுவது விருத்த வியபிசாரி. ஒரு பொருளைப் பற்றி ஓர் ஏது ஒரு முடிபைத் தருகின்றது. குற்றமற்றதாய்த் தோன்றும் மற்றோர் ஏது அதற்கு நேர்மாறான முடிபைத் தருகின்றது. இரண்டும் சமவலியின, எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? மாணவர் மிகவும் வெறுக்கும் பெயர் இதுவே. ஆயினும் இதற்கு இத்தீயினும் சிறந்த எடுத்துக்காட்டை யான் அறியேன்.

இரண்டு தோசைகளில் ஒன்றன்மேல் மற்றொன்றை ஓரளவு விலக்கி வைத்தால், இரண்டும் பொருந்தும் பகுதி வாதுமைப் பருப்பின் வடிவில் அமையும். கருக்கள் நேருக்கு நேரே மோதாது சற்று விலகி மோதும்போது எழும் தீயின் வடிவும் அத்தகையது. திரவம் அழுத்தம் மிக்க திசையிலேயே வலிந்து பாயும். வாதுமை வடிவின் குறுக்குத் திசையில் அழுத்தம் விரைந்து மாறுபடுவதால் அத்திசையில் துணிக்கைகள் மிகுதியாக வெளிப்படும். இத்திசைச் சாய்வு தீ பிறந்த கணத்தில் இல்லை; பாய்ச்சல் உரம்பெற உரம்பெறப் படிப்படியாக வளர்வது.

2012ஆம் ஆண்டில் பினிக்ஸ் குழுவினர், தீயினின்று நேரே வந்த ஒளியன்களும் அதே திசையிற் சாய்ந்து வருகின்றன என்றும், அச்சாய்வு சாம்பராய் எஞ்சிய துணிக்கைகளின் சாய்வுக்கு ஏறக்குறைய ஒத்தது என்றும் வெளியிட்டனர். இங்கேதான் முரண் எழுந்தது.

ஒளி மிகுதியாக இருக்கின்றது. ஆகவே அது தீ மிகக் கொதித்த தொடக்கத்திற் பிறந்ததாதல் வேண்டும். இது முதல் ஏதுவின் முடிபு.

ஒளி மிகச் சாய்ந்திருக்கின்றது. ஆகவே அது பாய்ச்சல் வளர்ந்த பிற்காலத்திற் பிறந்ததாதல் வேண்டும். இது இரண்டாம் ஏதுவின் முடிபு.

தொடக்கத்திற் பிறந்த ஒளிக்குச் சாய்வு இராது; பிற்காலத்திற் பிறந்த ஒளி அத்துணை மிகுதியாக இராது. ஒரே சான்று இருவேறு வாக்குமூலம் தந்தது. கணித்துக் கூறிய அளவுகள் இரண்டினையும் ஒருங்கே எட்ட மாட்டாது நின்றன. பௌதிகவியலார் இதனை நேரொளியன் புதிர் என வழங்குகின்றனர்.

காந்தப்புலம் என்னும் விடை

இத்தகைய முரணை நீக்குதற்கு ஒரு வழியுண்டு. இரண்டு ஏதுக்களும் மறைவாகத் தாங்கிநிற்கும் பொதுவான எண்ணம் ஒன்றினைத் தேடிப் பிழை காணல் வேண்டும். “பாய்ச்சலினாலன்றி ஒளிக்குச் சாய்வு உண்டாகாது” என்பதே அவ்வெண்ணம். பாய்ச்சல் தோன்றுமுன்னரே ஒளியைச் சாய்க்கவல்ல வேறொன்று ஆங்கே உளதாயின் முரண் அகன்றுவிடுமன்றோ? அத்தகையது ஒன்று உண்டு, அது காந்தப்புலம்.

ஓடும் மின்னேற்றம் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கும் என்பது பள்ளிப் பாடம. 79 புரோத்தன்களைத் தாங்கிய கருக்கள் இரண்டு ஒன்றையொன்று சற்று விலகி எதிரெதிரே ஓடுகின்றன. எதிரெதிர்த் திசையில் மின்னோடும் இரண்டு கம்பிகளின் நடுவே காந்தப்புலங்கள் ஒன்றோடொன்று கூடி வலுப்பெறுவது போல, இவற்றின் நடுவேயும் புலம் வலுப்பெறும். பூமியின் காந்தப்புலம் ஒரு தெசுலாவின் இருபதினாயிரத்திலொரு கூறளவே. மருத்துவமனைகளிற் காந்தப் படமெடுக்கும் கருவிகளிற் பொதுவாக வழங்குவது ஒன்றரை முதல் மூன்று தெசுலா. மகாகாந்த விண்மீன்களின் புலம் ஆயிரங் கோடி முதற் பத்தாயிரங் கோடி தெசுலா வரை செல்லும். ரிக் கருவியிற் கருக்கள் மோதும் கணத்தில் எழும் புலமோ கோடியைக் கோடியாற் பெருக்கிய அளவான தெசுலா. சேர்ணில் அதனினும் பத்து மடங்கு.

காந்தப்புலத்தில் ஓடும் மின்னேற்றம் வளைந்து செல்லும்; வளையும்போது ஒளியை உமிழும். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செனெக்டடி நகரில், சிங்குரோத்திரன் என்னும் துணிக்கை ஆர்முடுக்கியின் கண்ணாடிக் குழாயில் இவ்வொளி கண்ணாற் காணப்பட்டது. 1054ஆம் ஆண்டிற் சீனர் வானில் வெடிக்கக் கண்ட விண்மீனின் எச்சமாகிய நண்டு நெபுலா இன்றளவும் நீலநிறமாய் ஒளிர்வதும் இவ்வகையாலேயே. அவ்வொளி முனைவாக்கமுற்றது என்பதை 1954ஆம் ஆண்டிற் சோவியத்து வானியலார் கண்டறிந்தமை இதற்குச் சான்றாயிற்று.

அணுக்கருத் தீயிலும் குவார்க்குகள் மின்னேற்றமுடையன. காந்தப்புலத்தில் அவையும் ஒளி உமிழும். அவ்வொளி புலத்துக்குச் செங்குத்தான திசைகளிலேயே மிகும். காந்தப்புலமோ வாதுமை வடிவின் நெடுக்குத் திசையில் அமைவது. ஆகவே காந்தத்தால் எழும் ஒளி குறுக்குத் திசையிற் சாய்ந்து வரும். பாய்ச்சல் சாய்க்கும் திசையும் அதுவே! மேலும், புலம் மிக வலிதாயிருப்பது முதற்கணத்தில். ஆகவே தொடக்கத்திற் பிறந்து, மிகுதியாகவும் இருந்து, சாய்ந்தும் வரக்கூடிய ஒளி இது. முரணிய வாக்குமூலங்கள் இரண்டும் ஒரே விடையிற் சமாதானமுற்றன.

2012ஆம் ஆண்டில் பாசார், கார்சீவ், இசுக்கோக்கோவ் என்னும் மூவர், பிளாசுமாவின் மொத்த அசைவு காந்தப்புலத்தோடு கூடி ஒளியாக மாறுமாற்றை இத்தகைய விடையாக முன்வைத்தனர். அக்காலந்தொட்டு வேறு பலரும் வேறுவேறு வழிகளாற் கணிக்கலாயினர்.

இங்கே, முன்னர் நினைவில் இருத்துக என்றேனே, அத்திரவத் தன்மை குறுக்கிடுகின்றது. வாயுவாயின் ஒவ்வொரு மோதலையும் தனித்தனியே எண்ணி, ஒவ்வொன்றும் எத்துணை ஒளி தரும் எனக் கூட்டிவிடலாம். வலிய இடைத்தாக்கமுடைய பிளாசுமாவிலோ ஒரு மோதல் முடியுமுன்னரே மற்றொன்று தொடங்கிவிடும். எண்ணுதற்குத் தனி மோதல் என ஒன்றில்லை. திருவிழாக் கூட்டத்தில் யார் யாரை இடித்தனர் எனக் கணக்கெழுதுதல் இயலுமா?

1997ஆம் ஆண்டில் மால்டசேனா என்னும் அறிஞர் இதற்குப் புதுவழி ஒன்று திறந்தார். வலிய இடைத்தாக்கமுடைய சில கொள்கைகளிற் கணித்தற்கரியனவற்றை, ஒரு பரிமாணம் மிக்க வெளியில் ஈர்ப்பியற் கணக்காக மாற்றலாம் என்பது அவர் கண்டது. அம்முறையிற் கொதிக்கும் பிளாசுமாவுக்கு நிகராக நிற்பது ஒரு கருந்துளை. பிளாசுமா எத்துணை ஒளி உமிழும் என்னும் வினா, அக்கருந்துளையினுள் அலைகள் எவ்வாறு வீழும் என்னும் வினாவாக மாறிவிடும். 2006ஆம் ஆண்டில் இவ்வழியால் ஒளியுமிழ்வு வீதம் கணிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு முதல் வலிய காந்தப்புலத்தையும் சேர்த்துக் கணித்தனர். புலம் வலுப்பெற ஒளி பெருகும் என்றும், அது திசைக்குத் திசை வேறுபடும் என்றும் அக்கணிப்புக்கள் காட்டின. ஆயின் ஒன்றை மறத்தலாகாது: அவ்வாறு கணிக்கப்பட்ட பிளாசுமா மெய்யான குவார்க்குப் பிளாசுமாவன்று, அதன் ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது. முகச்சாயல் ஒத்திருப்பினும் இருவரும் ஒருவராகார்.

விடைக்கும் ஏற்படும் சோதனை

அழகிய விடை என்பதனாலேயே அஃது உண்மையாகிவிடாது. அதனையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

கருக்களினுள் புரோத்தன்களும் நியூத்திரன்களும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஓரிடத்து நெருங்கியும் ஓரிடத்து ஐதாகவும் அமைந்திருக்கும். இதனால் தீயின் வடிவு வாதுமை வடிவோடு ஓரளவு முக்கோணச் சாயலையும் பெறும். அம்முக்கோணம் எத்திசையை நோக்குமென்பது மோதலுக்கு மோதல் தற்செயலாக மாறும்; அதற்கும் காந்தப்புலத்தின் திசைக்கும் தொடர்பில்லை. ஆகவே காந்தம் ஒன்றே ஒளியைச் சாய்க்கின்றதாயின், ஒளியில் முக்கோணச் சாய்வு காணப்படுதல் கூடாது. 2016ஆம் ஆண்டில் பினிக்ஸ் குழுவினர் வெளியிட்ட அளவீட்டில் முக்கோணச் சாய்வும் காணப்பட்டது. ஆதலின் சாய்வு முழுவதற்கும் காந்தப்புலமே காரணம் என்பது நில்லாது. பாய்ச்சலுக்கும் அதிற் பங்குண்டு.

இரண்டாவது, புலத்தின் வாழ்நாள். கருக்கள் ஒன்றையொன்று கடந்து சென்றதும் புலம் விரைந்து மங்கும். பிளாசுமா மின்னைக் கடத்தும் இயல்பினதாகலின், பரடேயின் தூண்டல் விதிப்படி அது புலத்தின் அழிவை எதிர்த்துச் சிறிது நீட்டிக்கவுங் கூடும். அந்நீட்சி எத்துணையது என்பதிலேயே விடையின் வலிமை பெரிதும் தங்கியிருக்கின்றது.

மூன்றாவது, அளவீட்டிலேயே உள்ள வேறுபாடு. அதே கருவியில் ஆய்வு நிகழ்த்திய இசுத்தார் குழுவினர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளியின் அளவு பினிக்ஸ் குழுவினரின் அளவினுங் குறைந்து, பழைய கணிப்புக்களோடு பொருந்தி நின்றது. சேர்ணில் அளந்த சாய்வோ கணிப்பை விஞ்சித் தோன்றினும், அளவைப் பிழையின் எல்லையைத் தெளிவாகக் கடக்கவில்லை. சான்றோர் இருவர் வேறுபட உரைக்குமிடத்து நடுவன் விரைந்து தீர்ப்பளித்தல் முறையன்று.

இனி, காந்தப்புலத்தையே நாடிய பிறிதொரு சோதனையையும் கூறல் வேண்டும்; அது விஞ்ஞானியின் ஒழுக்கத்துக்கு நல்லதோர் உரைகல். காந்தப்புலம் இப்பிளாசுமாவில் மின்னேற்றங்களை இருபாலாகப் பிரிக்கும் என்னும் கருத்தொன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைச் சோதித்தற்கு 2018ஆம் ஆண்டில் உருத்தேனியம், சிர்க்கோனியம் என்னும் இரண்டு கருக்களை ரிக் கருவியில் மோதவிட்டனர். இரண்டின் திணிவெண்ணும் 96. புரோத்தன்கள் முறையே 44, 40. தீயின் பருமன் ஏறக்குறைய ஒன்று. காந்தப்புலம் மாத்திரம் வேறு. எத்தரவு எக்கருவுக்குரியது என ஆராய்வோரே அறியாதவாறு மறைத்து, எது காணப்படின் வெற்றியெனக் கொள்வது என்பதையும் முன்னரே எழுதிவைத்தபின் தரவுகளை ஆராய்ந்தனர். 2021ஆம் ஆண்டில் முடிபு வெளியாயிற்று: எதிர்பார்த்த அடையாளம் காணப்படவில்லை. பல்லாண்டு உழைத்தோர் அதனை ஒளியாது உலகறியச் செய்தனர்.

இதனாற் காந்தப்புலம் இல்லையென்பது முடிபாகாது. 2024ஆம் ஆண்டில் இசுத்தார் குழுவினர், நேரேற்றமும் எதிரேற்றமுமுடைய துணிக்கைகள் வேறுவேறாகத் திசை விலகுதலை அளந்து, காந்தப்புலம் பிளாசுமாவிற் பதித்த சுவட்டைக் காட்டினர். புலம் உண்டு, அதன் சுவடும் உண்டு. ஒளியிலும் அதன் சுவடு எத்துணை என்பதே தீராத வினா. ஒளியன்களின் முனைவாக்கத்தை அளக்க வல்லோமாயின், நண்டு நெபுலாவின் வழக்கிற் போல இங்கும் நேரிய சான்று கிடைக்கும்.

முடிவுரை

இம்மட்டிற் கண்டவற்றைத் தொகுத்துரைப்பின்: அணுக்கருத் தீ உண்டு என்பதும், அது நாம் ஆக்கிய யாவற்றினும் வெம்மை மிக்கவற்றுள் ஒன்று என்பதும் நிறுவப்பட்டன. அதன் ஒளி எப்போது பிறந்தது என்பதில் முரண் நிற்கின்றது. காந்தப்புலம் அம்முரணை நீக்கும் பகுதிக் காரணமாகலாம், முழுக்காரணமாதல் இயலாது. என் சிற்றறிவுக்கு எட்டிய மட்டில் இதனினும் மிகுத்துக் கூறுவது ஏதுவின் அளவைக் கடந்ததாகும்.

மாணவரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஞாயிற்றினும் வெய்ய தீயை ஆராய்வோர், முதலில் இது புகையோ பனியோ என ஐயுற்றனர். பின்னர் ஓர் ஏது இரு முடிபு தருதலைக் கண்டு தயங்கினர். அதன்பின் இரண்டு நல்ல ஏதுக்கள் தம்முள் மாறுகொள்ளக் கண்டு திகைத்தனர். அசித்தம், அநைகாந்திகம், விருத்த வியபிசாரி என்னும் பெயர்களை அவர்கள் கேட்டறியார். ஆயின் அப்பெயர்கள் குறிக்கும் படுகுழிகள் ஒவ்வொன்றின் கரையிலும் நின்று, வீழாது தம்மைக் காத்துக்கொண்டனர். நம் மாணவரோ பெயர்களை அறிந்தும் குழிகளைக் காணாதிருத்தல் தகுமா?

இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் மருத்துவராயும் பொறியியலாளராயும் நீதிமன்றங்களில் வழக்குரைப்போராயும் விளங்குகின்றனர். நோயாளியின் காய்ச்சலிலும், பாலத்தின் விரிசலிலும், சாட்சியின் சொல்லிலும் அவர்கள் நாடோறும் புகையைக் கண்டு நெருப்பைத் துணியவேண்டியவர்களே. அவர்கள் தம் பழைய தமிழ்ப் புத்தகத்தைத் தூசு தட்டி அப்பகுதியை மீண்டுமொருமுறை புரட்டுவாராயின், தேர்வுக்காக மனனஞ் செய்த சொற்கள் தொழிலுக்குத் துணைநிற்கும் கருவிகளாகத் தோன்றும் என்பது என் துணிபு. இன்று வகுப்பிலிருக்கும் மாணவருள் ஒருவர் நாளை அவ்வொளியனின் முனைவாக்கத்தை அளக்கும் குழுவில் அமர்தலுங் கூடும். அப்போது அவர் தம் கருவி காட்டும் கீற்றை நோக்கி, “இது புகைதானா?” என முதலில் வினவுவாராக.